இளவேனில் பூக்களும் அவற்றைத் தேடி வரும் உயிர்களும்: வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பங்குனி பிறந்ததும் வேம்பும் புங்கும் பூக்கத் தொடங்குகின்றன. சித்திரையில் சரக்கொன்றை மஞ்சளாய்த் தொங்குகிறது. அந்தச் சமயத்தில்தான் பலருக்கும் தோட்டம் போட வேண்டும் என்ற ஆசை வருகிறது. நர்சரிக்குச் சென்று பூத்த செடிகளாகப் பார்த்து வாங்கி வருகிறார்கள். இரண்டு வாரம் பட்டாம்பூச்சிகள் எட்டிப் பார்க்கின்றன. பிறகு அக்னி நட்சத்திர வெயிலில் செடிகள் கருக, வந்தவையும் வராமல் போகின்றன. செடியோ பராமரிப்போ குறையாக இருந்ததால் இப்படி ஆவதில்லை. வேலைகளைச் செய்த வரிசை மாறிப்போனதே காரணம்.

இந்த வழிகாட்டி தமிழகச் சமவெளியில் உள்ள சிறிய வீட்டுத் தோட்டங்களுக்காக எழுதப்பட்டது. அரை சென்ட் மண் இருந்தாலும் போதும். மொட்டை மாடியில் பத்துப் பன்னிரண்டு தொட்டிகள் இருந்தாலும் போதும். மலைப்பகுதிகளின் பருவமும் உயிர்களும் வேறு. உதாரணமாக, 2019இல் தமிழகத்தின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் மலைக்காடுகளில் வாழ்வது. சமவெளித் தோட்டத்தில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

1. காலத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்

சித்திரையில் பார்க்க வேண்டிய பூவுக்குக் கார்த்திகையிலேயே வேலை தொடங்கிவிடுகிறது. மல்லிகைச் செடி இருந்தால், நவம்பர் இறுதியில் தரையிலிருந்து ஏறத்தாழ 50 செ.மீ. உயரம் விட்டுக் கவாத்து செய்யுங்கள். மல்லிகை புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். அந்தத் தளிர் முதிர்வதற்குக் குளிர்மாதங்கள் முழுவதும் வேண்டும். மார்ச்சில் மொட்டு வரவில்லையே என்று கலங்கி அப்போது வெட்டுகிறவர்கள், அந்தப் பருவத்தின் பூவைத் தாங்களே வெட்டி எறிகிறார்கள்.

புதிய செடிகளைத் தையிலோ மாசி முதல் பாதியிலோ நட்டுவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் மண்ணில் இன்னும் இருக்கும், வெயிலும் ஏறியிராது. கடும் வெயில் வருவதற்குள் வேர் ஆழமாக இறங்குவதற்கு இந்த இடைவெளி தேவை. பங்குனிக்குப் பிறகு நடும் செடி உயிரைக் காத்துக்கொள்வதிலேயே தன் வலுவையெல்லாம் செலவிடும். பூக்க அதனிடம் மிச்சம் இருக்காது.

தேவையான பொருள்கள் அதிகமில்லை: 12 முதல் 15 அங்குல வாயுள்ள தொட்டிகள், செம்மண், நன்றாக மக்கிய தொழுவுரம், தேங்காய்நார்க் கழிவு, ஆழமில்லாத இரண்டு மண் தட்டுகள், மூடாக்குக்குக் காய்ந்த சருகு, ஒரு நோட்டுப் புத்தகம். பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாமலும் தொடங்கலாம்.

2. நடுவதற்கு முன் ஒரு வாரம் பாருங்கள்

காலை எட்டு மணி, நண்பகல், மாலை நான்கு மணி என மூன்று வேளை, எந்த இடத்தில் வெயில் விழுகிறது என்று குறித்து வையுங்கள். பட்டாம்பூச்சி தன் உடலை வெயிலில் சூடேற்றிக்கொண்ட பிறகுதான் பறக்கும். ஆகவே பூச்செடிகள் காலை வெயில் நேராக விழும் இடத்திலும், தண்ணீர்த் தட்டும் கூடு கட்ட ஏற்ற புதர்களும் பிற்பகல் நிழல் உள்ள இடத்திலும் இருக்க வேண்டும்.

அதே வாரத்தில், தானாக முளைத்திருப்பவை என்னென்ன என்றும் பாருங்கள். புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் எல்லாரும் முதல் நாளே செய்வது, மண்வெட்டியை எடுத்துத் தரையை மொட்டையாக்குவது. தும்பையும் வெட்டுக்காயப்பூண்டும் அதில் போய்விடுகின்றன. வெட்டுக்காயப்பூண்டின் சின்ன மஞ்சள் பூவுக்கு ஒரு காலை வேளையில் வரும் பட்டாம்பூச்சிகளையும் சிறு தேனீக்களையும் எண்ணிப் பார்த்தால், காசு கொடுத்து வாங்கிய பல செடிகளை விட அது மேல் என்பது விளங்கும். பாதை மறைக்கும் இடங்களில் மட்டும் அவற்றைப் பிடுங்கி, ஒரு ஓரத்தில் வளர விட்டுவிடுங்கள்.

3. மருந்தை நிறுத்திவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்

பூச்சிமருந்தைக் கடைசியில் நிறுத்தலாம் என்று நினைப்பது பெரும் பிழை. வேர் வழியாக உறிஞ்சப்பட்டுச் செடி முழுதும் பரவும் மருந்துகள் இலையிலும் மகரந்தத்திலும் தேனிலும் தங்கிவிடும். நர்சரியில் இருந்து வரும் செடியில் இவை இருக்கக்கூடும். எனவே வாங்கி வந்த செடியைச் சில வாரங்கள் தனியாக வைத்து, புதுத் தளிர் நன்றாக வந்த பிறகே மற்றச் செடிகளோடு சேருங்கள். விதையிலிருந்தோ, அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிய பதியனிலிருந்தோ வளர்த்தால் இந்தக் கவலை இல்லை.

அசுவினியும் மாவுப்பூச்சியும் வரத்தான் செய்யும். முதல் மருந்து தண்ணீர்: இலையின் அடிப்புறத்தில் விசையாகப் பீய்ச்சினால் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். வேப்பெண்ணெயும் பட்டாம்பூச்சிப் புழுக்களைத் தாக்கும். ஆகவே புழு இல்லாத செடியில், பாதிக்கப்பட்ட கிளைக்கு மட்டும், தேனீக்கள் அடங்கிய மாலை நேரத்தில் தெளியுங்கள்.

மாவுப்பூச்சியை விரலால் நசுக்குவதற்கு முன் ஒரு கணம் உற்றுப் பாருங்கள். சில பொறிவண்டுகளின் புழுக்கள் உடல் முழுதும் வெண்பஞ்சு போர்த்துக்கொண்டு மாவுப்பூச்சியைப் போலவே இருக்கும். மாவுப்பூச்சி இருந்த இடத்தில் கிடக்கும். இந்தப் புழுவோ சுறுசுறுப்பாக ஊர்ந்து மாவுப்பூச்சிகளைத் தேடித் தின்னும். தோட்டத்துக்கு உதவ வந்ததையே கொன்றுவிடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

4. பூவுக்கு முன் இலை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். பூ, பறந்து வரும் பட்டாம்பூச்சிக்கு ஒருவேளைத் தேன் தருகிறது. அது தங்கி முட்டையிட வேண்டுமானால் அதன் புழு தின்னக்கூடிய இலை வேண்டும். ஒவ்வோர் இனமும் குறிப்பிட்ட சில செடிகளில் மட்டுமே முட்டையிடும். அந்தச் செடி இல்லாத தோட்டத்தில் எத்தனை பூ இருந்தாலும் அது விருந்தாளியாகவே வந்து போகும்.

சமவெளி வீடுகளுக்கு ஏற்றவை இவை. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் நாரத்தையும் இருந்தால் எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி ஆகிய பட்டாம்பூச்சிகள் வரும். எருக்கு இருந்தால் வெந்தய வரியன் வரும். அரளியில் வெண்புள்ளிக் கருப்பன் முட்டையிடும். ஆடுதீண்டாப்பாளையிலும் ஈஸ்வரமூலியிலும், கரிய சிறகில் செம்புள்ளிகள் கொண்ட சிவப்புடல் அழகி முட்டையிடும். சரக்கொன்றைக்கு இடமுள்ளவர்கள் கொன்னை வெள்ளையனை எதிர்பார்க்கலாம். நந்தியாவட்டையில் ஆள்காட்டி விரல் பருமனுக்குப் பச்சைப் புழு ஒன்று, தலைக்குப் பின்னே இரண்டு நீலக் கண்போன்ற புள்ளிகளுடன் தென்பட்டால் பயப்பட வேண்டாம். அது பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த அழகிய அந்துப்பூச்சியாக மாறப்போகிற புழு.

இடம் குறைவென்றால் கறிவேப்பிலையில் தொடங்குங்கள். ஆனால் ஒரு செடி போதாது. இரண்டு அல்லது மூன்று தொட்டிகள் வையுங்கள். சிறிய செடியை நான்கைந்து புழுக்கள் சேர்ந்து ஒரு வாரத்தில் குச்சியாக்கிவிடும். ஒன்று மொட்டையானால் புழு இருக்கும் கிளையை அடுத்த செடியின் மீது சாய்த்து வைக்கலாம். மொட்டையான செடி வேர் நன்றாக இருந்தால் மறுபடி துளிர்த்துவிடும். சமையலுக்கென்று ஒரு செடியை ஒதுக்கி வைத்துக்கொண்டால் வீட்டிலும் சச்சரவு இருக்காது.

இனி, கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் எதைப் பார்க்க வேண்டும் என்பது. பெண் பூச்சி செடியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, இலைமீது ஒரு கணம் உட்கார்ந்து முன்கால்களால் தட்டும். இலையின் சுவையைக் கால்களால் அறிந்து, சரியான செடிதான் என்று உறுதி செய்துகொள்கிறது. பிறகு வயிற்றை வளைத்துத் தளிரில் ஒற்றை முட்டையை ஒட்டிவிட்டு அடுத்த இலைக்குப் போகும். கடுகை விடச் சிறிய, வெளிர்மஞ்சள் உருண்டை அது. அதிலிருந்து வரும் புழு ஐந்து பருவங்களாகத் தோலுரித்து வளரும்; முதல் நான்கு பருவங்களிலும் கருமையும் வெண்மையுமாகப் பறவை எச்சத்தைப் போலவே இருக்கும். எச்சமென்று நினைத்துக் கழுவிவிடுகிறவர்கள் உண்டு. எச்சம் போன்ற ஒன்று நேற்று இருந்த இலையில் இன்று இல்லாமல் பக்கத்து இலையில் இருந்தால் அது புழுதான். ஐந்தாம் பருவத்தில் அது பச்சையாகிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற ஓர் உறுப்பை நீட்டி, காரமான வாசனையை வீசும். எறும்பையும் குளவியையும் விரட்டுவதற்கான ஏற்பாடு இது, நமக்குத் தீங்கில்லை.

முதிர்ந்த புழு ஒரு நாள் செடியைவிட்டுக் காணாமல் போகும். பறவை தின்றுவிட்டது என்று முடிவுகட்டாமல், அருகிலுள்ள குச்சிகளையும் சுவரோரத்தையும் தேடுங்கள். இடுப்பில் ஒற்றைப் பட்டிழை கட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும் கூட்டுப்புழுவைக் காணலாம். பச்சைத் தண்டில் இருந்தால் பெரும்பாலும் பச்சையாகவும் காய்ந்த குச்சியில் இருந்தால் பழுப்பாகவும் இருக்கும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து பறப்பது வரை ஏறத்தாழ மூன்று நான்கு வாரங்கள் ஆகும். வெளிவரும் நாள் நெருங்கும்போது கூட்டின் உறை வழியே சிறகின் நிறம் தெரியும். மறுநாள் விடியற்காலையிலேயே போய்ப் பாருங்கள். கசங்கிய சிறகோடு வெளிவந்து தொங்கும் பூச்சியைத் தொடவோ, உதவி செய்வதாக உறையைப் பிரிக்கவோ கூடாது. தொங்கிக்கொண்டே சிறகின் நரம்புகளில் நீர்மத்தைச் செலுத்தி அது தானாகவே சிறகை விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் சிறகு கோணலாகவே உலர்ந்துவிடும்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கடும் பாதிப்பு ஏற்படும். அரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பழைய கைமருந்து என்று யார் சொன்னாலும் உட்கொள்ளக் கூடாது. சிறு குழந்தைகளோ ஆடு மாடுகளோ உள்ள வீடுகளில் இவற்றைத் தவிர்த்துவிட்டு, கறிவேப்பிலையோடும் எலுமிச்சையோடும் நின்றுகொள்வதே நல்லது.

5. பூச்செடிகளைத் தேர்ந்தெடுத்தல்

பூவின் வடிவம், யார் வருவார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. வெட்சி என்னும் இட்லிப்பூவுக்கு நீண்ட மெல்லிய குழல். நீளமான உறிஞ்சுகுழல் கொண்ட அழகிகள் அதற்கு வரும். துளசி, திருநீற்றுப்பச்சிலை, தும்பை ஆகியவற்றின் சிறு பூக்களுக்குத் தேனீக்களும் சிறிய நீலப் பட்டாம்பூச்சிகளும் வரும். ஒற்றைச் செம்பருத்திக்குத் தேன்சிட்டு வந்து, சில வேளை பூவின் அடிப்பகுதியில் அலகால் துளையிட்டே தேனைக் குடித்துவிடும். துளசியின் கதிரைக் கிள்ளிக்கொண்டே இருப்பவர்கள் இந்தப் பருவத்தில் ஒரு செடியையாவது பூக்க விடுங்கள்.

அடுக்குப் பூக்களை வாங்காதீர்கள். அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்கள் பலவும் இதழ்களாக மாறியிருக்கும். எஞ்சியிருப்பதையும் இதழ்க்கூட்டம் மறைத்துவிடும். கண்ணுக்கு நிறைவாக இருந்தாலும் தேனீக்கு அங்கே வேலையில்லை.

ஓர் இனத்தில் ஒரு செடி என்று பத்து இனங்கள் நடுவதை விட, மூன்று நான்கு இனங்களைக் கொத்தாக நடுவது பயன் தரும். பறந்து போகும் பூச்சிக்கு ஒற்றைப் பூ கண்ணில் படுவதில்லை. கொத்தான நிறம்தான் படும்.

உன்னிச்செடிக்குப் பட்டாம்பூச்சி நிறைய வரும் என்று பலரும் பரிந்துரைக்கிறார்கள். வருவது உண்மைதான். ஆனால் அதன் பழத்தைச் சின்னான் குருவி தின்று விதையைப் போகிற இடமெல்லாம் பரப்புகிறது. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் இந்த அயல்செடி புல்வெளிகளையும் இளமரக்கன்றுகளையும் அமுக்கிப் படர்ந்திருப்பதைப் பார்த்த எவரும் தம் வீட்டில் இதை நட மனம்கொள்ள மாட்டார்கள். வெட்சியே இதற்குப் போதுமான மாற்று.

கிலுகிலுப்பையோ தேள்கொடுக்கோ ஓரத்தில் இருந்தால், வரியன்களும் கருப்பன்களும் காய்ந்த தண்டைக்கூடச் சுரண்டி உறிஞ்சுவதைக் காணலாம். பெரும்பாலும் ஆண் பூச்சிகளே அப்படிக் கூடும். பெண்ணைக் கவரும் வாசனைப் பொருளைத் தயாரிக்க அந்தச் செடிகளிலுள்ள வேதிப்பொருள் அவற்றுக்கு வேண்டும். ஆகவே காய்ந்துவிட்டது என்று உடனே பிடுங்கிப் போடாதீர்கள்.

6. தண்ணீர்

ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மிகாத அகன்ற மண் தட்டு போதும். நடுவில் நீர்மட்டத்துக்கு மேல் தெரியும்படி இரண்டு மூன்று கற்களை வையுங்கள். தேனீக்கள் அமர்ந்து குடிக்கவும், விழுந்தவை ஏறித் தப்பவும் அவை உதவும். தட்டைப் புதரிலிருந்து ஆறேழு அடி தள்ளி வைத்தால் பூனை மறைந்திருந்து பாய முடியாது. பறவை பறந்து ஏற ஒரு கிளை மட்டும் அருகில் இருக்கட்டும்.

தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே கொட்டிவிட்டு நிரப்பினால் போதாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தன் முட்டைகளைப் பாத்திரத்தின் ஈரச் சுவரில் ஒட்டிவைக்கும். அவை காய்ந்த பிறகும் பிழைத்திருந்து, நீர் பட்டதும் பொரிக்கும்.

இன்னொரு தட்டில் மணலும் களிமண்ணும் கலந்து, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, சேறாகாமல் ஈரமாக வைத்திருங்கள். ஆண் பட்டாம்பூச்சிகள் ஈர மண்ணில் அமர்ந்து உப்புச்சத்தை உறிஞ்சுவதை அருகிலிருந்து பார்க்க இதைவிட எளிய வழியில்லை.

சர்க்கரைத் தண்ணீர் வைக்க வேண்டாம். எறும்பும் பூஞ்சையும்தான் சேரும். தானியத்தைக் கைநிறைய இறைத்தால் புறாவும் எலியும் பெருகி, சிறு பறவைகள் ஒதுங்கிவிடும்.

7. ஒரு மூலையைத் தொடாமல் விடுங்கள்

வாசலையும் வீட்டுச் சுவரையும் விட்டுத் தள்ளியுள்ள ஒரு மூலையில் சருகு, காய்ந்த கிளை, ஒரு துண்டு உளுத்த கட்டை ஆகியவற்றைக் கிடக்கவிடுங்கள். சருகுக்குள் அரணையும், அந்துப்பூச்சிகளின் கூட்டுப்புழுவும் இருக்கும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து அதைப் புரட்டும். உளுத்த கட்டையில் கருவண்டு என்று நாம் அழைக்கும் தச்சுத் தேனீ துளையிட்டுக் குடியேறும். சுவரை ஒட்டி இந்தக் குவியலைப் போடாததற்குக் காரணம், எலியைத் தேடிப் பாம்பும் வரக்கூடும் என்பதே.

ரோஜா இலையின் ஓரத்தில் கத்தரித்தது போல வட்ட வட்டமாக வெட்டு இருந்தால், நோய் என்று மருந்தடிக்காதீர்கள். இலைவெட்டித் தேனீ தன் கூட்டறைக்கு இலைத்துண்டை எடுத்துப்போயிருக்கிறது. செடிக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

இரவில் தோட்டத்து விளக்கை அணைத்துவிடுங்கள். பவளமல்லி போன்ற இரவுப் பூக்களுக்கு வரும் அந்துப்பூச்சிகள் விளக்கைச் சுற்றியே ஓய்ந்துவிடும்.

8. பார்க்கும் நேரமும் முறையும்

பறவைகளுக்கு விடியலிலிருந்து எட்டு மணி வரை. பட்டாம்பூச்சிகளுக்கு எட்டரை முதல் பதினொரு மணி வரை. நண்பகலில் இரண்டும் ஒதுங்கிவிடும். ஒரே இடத்தில் பதினைந்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். நடந்துகொண்டே தேடுகிறவருக்குப் பறந்து போகும் வால்தான் தெரியும்.

தேன்சிட்டுகளில் எளிய அடையாளம் ஒன்று. ஊதாத் தேன்சிட்டின் ஆண் வெயிலில் முழுவதும் நீலக்கருமையாக மின்னும். ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் ஆணுக்கு வயிறு மஞ்சளாக இருக்கும். தொண்டையிலிருந்து வயிறு வரை ஒற்றைக் கருங்கோடு ஓடும் மஞ்சள் சிட்டைக் கண்டால் அது புதிய இனமன்று; இனப்பெருக்கக் காலம் முடிந்த ஊதாத் தேன்சிட்டின் ஆண். வேலியில் தலை சிவந்த ஓணான் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தால், அதுவும் பருவத்தில் இருக்கும் ஆண்தான்.

எலுமிச்சை போன்ற செடிகளில் பெரிய இலை ஒன்று இயல்புக்கு மாறாக மடங்கியிருந்தால் கிட்டே போகாமல் கவனியுங்கள். தையல்சிட்டு இலையின் இரு ஓரங்களிலும் அலகால் நுண்துளை இட்டு, பஞ்சையும் சிலந்தி நூலையும் நுழைத்துச் சேர்க்கிறது. துளைக்கு வெளியே பிரிந்து பரவும் இழையே முடிச்சின் வேலையைச் செய்துவிடுகிறது. தேன்சிட்டின் கூடோ, சருகும் மரப்பட்டைத் துணுக்கும் சிலந்தி நூலில் கோத்துத் தொங்கும் குப்பை போலிருக்கும். ஒட்டடை என்று துடைப்பத்தால் தட்டுவதற்கு முன் பக்கவாட்டில் துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கூட்டைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அந்தச் செடியில் கவாத்தும் புகைப்படமும் நிறுத்தப்பட வேண்டும். நாம் அடிக்கடி போய் நின்றால் காகமும் செண்பகப் பறவையும் அதைக் கவனித்து, கூட்டைக் கண்டுகொள்ளும். அடைகாப்பது பெரும்பாலான சிறு பறவைகளில் இரண்டு வாரம் அளவே. குஞ்சுகள் பறக்க ஏறத்தாழ இன்னும் இரண்டு வாரம். அதுவரை பொறுக்க வேண்டும்.

இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்தினால் எடுத்து வளர்க்க முயலாதீர்கள். அது பறக்கப் பழகுகிறது; தாய் அருகில்தான் இருக்கும். பூனை இருந்தால் மட்டும் அருகிலுள்ள புதரில் ஏற்றிவிடுங்கள். இறகு முளைக்காத குஞ்சாக இருந்தால் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை.

9. அக்னி நட்சத்திர நாள்கள்

மே 4 முதல் 28 வரையிலான நாள்களில் தோட்டத்தைத் தக்கவைப்பதே வேலை. அதிகாலையில் வேர்வரை இறங்கும்படி நீர் விடுங்கள். மண் வறண்டால் செடி தேன் சுரப்பதைக் குறைத்துவிடும், பூ இருந்தும் வருகை குறைவதற்கு இதுவே காரணம். தொட்டிகளை நெருக்கி வைத்து, மண்மீது இரண்டு அங்குலம் சருகு மூடாக்குப் போடுங்கள். மாடித் தொட்டிகளுக்குப் பிற்பகலில் மட்டும் நிழல்வலை கட்டலாம். வலையின் ஓரங்களைத் தளர்வாகத் தொங்க விட்டால் பறவைகளும் ஓணான்களும் சிக்கிக்கொள்ளும் என்பதால் இழுத்துக் கட்டுங்கள். இந்த நாள்களில் உரம் வேண்டாம்.

10. ஆனிக்குப் பிறகு

காற்றடிக்கும் மாதங்களில் வெட்சி, செம்பருத்தி ஆகியவற்றைக் கவாத்து செய்யலாம். ஒவ்வொரு கிளையையும் பறவைக் கூட்டுக்காகவும், இலையடியைக் கூட்டுப்புழுவுக்காகவும் பார்த்த பிறகே கத்தரி வையுங்கள். வெட்டியவற்றை அன்றே எரிக்காமல் அந்தத் தொடாத மூலையில் போட்டுவிட்டால், கண்ணுக்குத் தப்பிய கூட்டுப்புழு பிழைத்துக்கொள்ளும். தும்பை, கிலுகிலுப்பை விதைகளைச் சேகரித்து நிழலில் உலர்த்தி, காகித உறையில் பெயரும் மாதமும் எழுதி வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் தூவினால் அடுத்த தைக்குள் கன்றுகள் தயாராகிவிடும்.